சின்யாக் தீட்டிய ஃபெலிக்ஸ் ஃபெனியோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓவியத்தைப் பற்றிய கேள்விகள் இவை?

பிரெஞ்சு ஓவியர் போல் சின்யாக் 1890இல் தீட்டிய, கலை விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோனின் உருவப்படம் பற்றியவை. கித்தான் மீது தைலவண்ணத்தில் தீட்டப்பட்ட இந்த ஓவியம் 73.5 செ.மீ. உயரமும் 92.5 செ.மீ. அகலமும் கொண்டது. நின்றுகொண்டிருக்கும் ஒரு மெலிந்த மனிதரைத் தீட்ட உயரவாக்கில் அமைந்த கித்தானையே எந்த ஓவியரும் எடுப்பார் என்றிருக்க, சின்யாக் அகலவாக்கில் அமைந்ததை எடுத்துக்கொண்டார். மனிதருக்குத் தேவைப்படாத அந்த இடம் முழுவதையும் சுழலும் வண்ணப் பட்டைகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு முடிவிலிருந்தே இந்தப் படத்தைப் பற்றிய பெரும்பாலான கேள்விகள் பிறக்கின்றன.

படத்தில் இருக்கும் கனவான் யார்?

1861இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர். 1881 முதல் பாரிஸில் போர் அமைச்சகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பகலில் அரசாங்கக் கோப்புகள், மாலையில் சிறு பத்திரிகைகளுக்குக் கலை விமர்சனம், இவற்றுக்கிடையே அரசே கூடாது என்ற கொள்கை கொண்ட அனார்க்கிஸ்ட் நண்பர்களுடன் தொடர்பு என்று மூன்று வாழ்க்கைகளை ஒன்றோடொன்று கலக்காமல் நடத்தியவர். ழோர்ழ் செராவின் ஓவியங்களை முதலில் புரிந்துகொண்டு எழுதியவர்களில் முக்கியமானவர் இவரே. செராவும் சின்யாக்கும் கையாண்ட புதிய முறைக்கு ‘நியோ-இம்ப்ரஷனிசம்’ என்று 1886இல் பெயரிட்டவரும் இவர்தான்.

உடை விஷயத்தில் ஃபெனியோன் பாரிஸ் இலக்கிய வட்டத்தில் பேசப்பட்டவர். தொப்பி, கையுறை, கைத்தடி இல்லாமல் வெளியே வரமாட்டார். தாடையில் மட்டும் நீட்டி வளர்த்த ஆட்டுத்தாடி அவருடைய அடையாளம். அவரை ‘அமெரிக்க மெபிஸ்டோபிலிஸ்’ (ஃபாவுஸ்ட் கதையில் வரும் சாத்தான்) என்று எழுத்தாளர் ரெமி தெ குர்மோன் வருணித்தார். அவருடைய வாழ்நாளில் அவர் பெயரில் புத்தகமாக வெளிவந்தது 1886ஆம் ஆண்டின் ஒரு சிறு கலை நூல் மட்டுமே. மற்றவற்றில் பெருமளவு கையெழுத்தில்லாமலோ புனைபெயரிலோ வந்தவை. தன்னை வெளிக்காட்டிக்கொள்ள விரும்பாத ஒருவர், தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உடுத்தினார் என்பதை முரண்பாடாக நான் கருதவில்லை. நன்றாகத் தைத்த கோட்டைப் பார்ப்பவர்கள் அதற்கு உள்ளே இருப்பவரைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை.

இதைப் பின்-இம்ப்ரஷனிச ஓவியம் என்று சொல்லலாமா?

சொல்லலாம்; ஆனால் 1890இல் அப்படி ஒரு பெயரே கிடையாது. 1910 நவம்பரில் லண்டனின் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் ஆங்கிலக் கலை விமர்சகர் ரோஜர் ஃபிரை ஏற்பாடு செய்த கண்காட்சிக்காக உருவான பெயர் அது. இம்ப்ரஷனிஸ்டுகளுக்கு அடுத்து வந்த செசான், கோகான், வான்கோ, செரா, சின்யாக் போன்றவர்களை, அவர்களுக்குள் பொதுவானது அதிகம் இல்லாதபோதும், ஒரே குடையின் கீழ் கொண்டுவர அது உதவியது. அந்தப் பெரிய குடைக்குள் ஒரு சிறு பிரிவே நியோ-இம்ப்ரஷனிசம். மோனே போன்ற இம்ப்ரஷனிஸ்டுகள் கண்ணில் பட்ட கணத்தை விரைந்து பிடிக்க முயன்றார்கள் என்றால், செராவும் சின்யாக்கும் அதே வெளிச்சத்தை விதிகளின்படி, மெதுவாக, திட்டமிட்டுக் கட்டியெழுப்ப விரும்பினார்கள்.

புள்ளி புள்ளியாகத் தீட்டுவதால் என்ன பயன்?

வண்ணங்களைத் தட்டில் குழைத்துக் கலந்தால் அவை மங்கிப்போகும். கலக்காத வண்ணங்களைச் சிறு தொடுகைகளாக அடுத்தடுத்து வைத்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவரின் கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும், ஒளியும் குறையாது என்பதே அடிப்படை எண்ணம். இதற்குப் பின்னால் வேதியியலாளர் ஷெவ்ரலின் ஆய்வு இருந்தது. பாரிஸின் கோபலேன் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அவர், ஒரு நூலின் நிறம் பக்கத்தில் இருக்கும் நூலின் நிறத்தால் மாறித் தெரிவதைக் கவனித்து 1839இல் விரிவான நூலாக வெளியிட்டார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை என்று எதிர்நிறங்களை இணைத்து வைத்தால் இரண்டுமே கூர்மையாகத் தெரியும்.

நடைமுறையில் கண் முழுவதுமாகக் கலப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புள்ளிகள் ஒன்றாகிவிடாமலும் முற்றிலும் பிரிந்து நிற்காமலும் ஒருவித நடுக்கத்தோடு மின்னுகின்றன. அந்த மினுக்கமே இந்த ஓவியங்களின் உண்மையான அழகு என்பது என் எண்ணம். சின்யாக்குக்குப் ‘புள்ளி ஓவியம்’ என்ற பெயர் பிடிக்கவில்லை. புள்ளி ஒரு வழிமுறைதான், முக்கியமானது வண்ணங்களைப் பிரித்து வைக்கும் ஒழுங்கு என்று 1899இல் வெளியிட்ட நூலில் அவர் விரிவாக வாதாடினார்.

பின்னணியில் சுழல்வது என்ன? வெறும் அலங்காரமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பொறுமையாகப் பதில் சொல்லத் தகுந்ததும் இதுதான். ஒரு மையத்திலிருந்து காற்றாடியின் இதழ்களைப் போல வளைந்து விரியும் பட்டைகளால் பின்னணி முழுவதும் நிரம்பியிருக்கிறது. ஒரு பட்டையில் நட்சத்திரங்கள், இன்னொன்றில் வட்டங்கள், வேறொன்றில் அலைகள். ஒவ்வொரு பட்டையிலும் நிறம் பக்கத்துப் பட்டையின் நிறத்தோடு மோதுகிறது. அறையோ, சுவரோ, நாற்காலியோ, தரையோ எதுவும் இல்லை. 1890இல் ஓர் உருவப்படத்தின் பின்னணியாக இப்படி எதையும் குறிக்காத வடிவங்களை வைப்பது பெரிய துணிச்சல். அருவ ஓவியம் என்ற ஒன்று ஐரோப்பாவில் தலையெடுக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

இந்தச் சுழலுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. முதலாவது ஜப்பானியத் துணி வடிவம். சின்யாக்கிடம் இருந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளில் கிமோனோ உடைக்கான வடிவமைப்பு ஒன்று இருந்தது. வளைந்து விரியும் பட்டைகளும் அவற்றுக்குள் மாறி மாறி வரும் கோலங்களும் அதிலிருந்து வந்தவை. ஜப்பானின் துறைமுகங்கள் திறக்கப்பட்டபின் அந்நாட்டு அச்சுப் படங்கள் பாரிஸில் மலிவாகக் கிடைத்தன. அவற்றைச் சேர்க்காத இளம் ஓவியர் அந்தக் காலத்தில் அபூர்வம்.

இரண்டாவது மூலம் ஷார்ல் ஆன்ரி என்ற விஞ்ஞானி. சோர்போன் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய ஆன்ரி, கோடுகளுக்கும் கோணங்களுக்கும் நிறங்களுக்கும் மனித உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கணிதமாக எழுதிவிட முடியும் என்று நம்பினார். மேல்நோக்கியும் வலப்பக்கமாகவும் செல்லும் கோடுகள் ஊக்கம் தருபவை, கீழ்நோக்கியும் இடப்பக்கமாகவும் செல்பவை ஊக்கத்தைத் தடுப்பவை என்பது அவருடைய கருத்துகளில் ஒன்று. அவர் தயாரித்த வண்ணச் சக்கரத்துக்காகவும் வேறு விளக்கப்படங்களுக்காகவும் சின்யாக் நேரடியாக உழைத்திருக்கிறார். ‘தெயாத்ர் லீப்ர்’ என்ற நாடகக் குழுவின் நிகழ்ச்சித்தாளுக்கு சின்யாக் வரைந்த வண்ண லித்தோ (கல்லச்சு) படம் அந்தச் சக்கரத்தின் செயல்முறை விளக்கமாகவே அமைந்தது. ஃபெனியோனும் ஆன்ரியின் கோட்பாடுகளைத் தம் கட்டுரைகளில் அறிமுகப்படுத்தியவர். ஆக, ஓவியர், படத்தில் இருப்பவர், கோட்பாட்டாளர் மூவரும் ஒருவரையொருவர் அறிந்த நண்பர்கள்.

எனவே இந்தப் பின்னணியை, ஃபெனியோன் எழுத்தில் ஆதரித்த கருத்துகள் அவர் முதுகுக்குப் பின்னால் வண்ணமாக விரிந்து நிற்பதாகப் பார்க்கலாம். ஒரு விமர்சகரின் உருவப்படத்தில் புத்தக அலமாரியையும் எழுதுமேசையையும் வைப்பது வழக்கம். இங்கே அவர் சிந்தனையே சுவராகிவிட்டது. இதில் கொஞ்சம் கேலியும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்பாட்டின் செயல்முறை விளக்கம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை நட்சத்திரங்களுக்குத் தேவையே இல்லை.

தலைப்பு ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது?

முழுத் தலைப்பைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: ‘ஓபஸ் 217. அளவுகளாலும் கோணங்களாலும் தொனிகளாலும் சாயல்களாலும் தாளமிடும் பின்புலத்தின் மெருகின் மீது, 1890இல் திரு. ஃபெலிக்ஸ் ஃபெனியோனின் உருவப்படம்’. ஓபஸ் என்பது ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் தம் படைப்புகளுக்கு இடும் வரிசை எண். இசையைப் போலவே ஓவியமும் தன் ஒத்திசைவால் நிற்க வேண்டும், கதையால் நிற்கக் கூடாது என்று கருதிய சின்யாக், அந்த ஆண்டுகளில் தம் ஓவியங்களுக்கு இப்படி எண் இட்டு வந்தார். எண்ணுக்குப் பிறகு வரும் அந்த நீண்ட தொடர் அறிவியல் கட்டுரைத் தலைப்பின் தோரணையில் இருக்கிறது. ஃபெனியோனின் சொந்த உரைநடையும் அரிய சொற்களைச் செறித்து அடுக்கும் நடைதான். நண்பனின் நடையை நண்பன் செல்லமாகப் பாவனை செய்திருக்கிறான் என்று படிப்பதில் தவறில்லை.

முகத்தை ஏன் பக்கவாட்டில் தீட்டினார்?

இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 1890இல் சின்யாக் இந்த எண்ணத்தைக் கடிதத்தில் தெரிவித்தபோது, வழக்கமான உருவப்படமாக அது இராது, கோடும் நிறமும் கவனமாக அமைக்கப்பட்ட படமாக இருக்கும், கையில் தொப்பியோ பூவோ ஏந்தி உள்ளே நுழைகிற ஃபெலிக்ஸாக இருக்கும் என்று விளக்கினார். ஃபெனியோன் சம்மதித்தார், ஆனால் முகம் முழுக்க முழுக்க நேராகப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தார். சின்யாக் அதை ஏற்கவில்லை.

ஓவியர் செய்தது சரி என்பதே என் தீர்ப்பு. நேர்முகத்தில் கண்கள் பார்வையாளரை ஈர்க்கும்; அந்த ஈர்ப்பில் பின்னணி தோற்றுப்போகும். பக்கவாட்டில் நெற்றி, நீண்ட மூக்கு, ஆட்டுத்தாடி மூன்றும் சேர்ந்து ஒரே வெட்டுக்கோடாகி, பின்னால் வளையும் பட்டைகளுக்கு எதிராக நிற்கின்றன. தாடியின் கோணமும், மடங்கிய முழங்கையின் கோணமும், கைத்தடியின் சாய்வும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. தலைப்பில் சொன்ன அளவுகளும் கோணங்களும் பின்னணியோடு நின்றுவிடாமல் மனிதருக்குள்ளும் நுழைந்திருப்பதை இங்கே காணலாம். இதற்கு விலையும் உண்டு: மனிதரின் மனநிலையைப் பற்றி அந்த முகம் எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஃபெனியோனை நேரில் பழகியவர்களும் அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது என்றுதானே சொன்னார்கள்!

தொப்பி, கையுறை, கைத்தடி, பூ: இவற்றுக்கு என்ன பொருள்?

முதல் மூன்றும் சமூக வழக்கத்தைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு வீட்டுக்குச் சிறிது நேரம் வந்துபோகும் கனவான் தன் உயரத் தொப்பியையும் கைத்தடியையும் வாசலில் வைக்காமல் வரவேற்பறைக்குள் கையோடு கொண்டுவருவார். நீண்ட நேரம் இருக்கப்போவதில்லை என்பதற்கு அது அறிகுறி. ஆக, படத்தில் ஃபெனியோன் வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. அணிந்திருக்கும் மஞ்சள் கலந்த கோட்டு, அன்றைய கனவான்களின் கறுப்பு உடைக்கு நடுவே தனித்துத் தெரியக்கூடியது. எதற்கும் உணர்ச்சிவசப்படாதிருப்பதே நேர்த்தியான கனவானின் இலக்கணம் என்று கவிஞர் போதலேர் ஒரு தலைமுறைக்கு முன்பே எழுதியிருந்தார். அந்த இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம்.

மறு கையில் இருப்பது சைக்ளமென் பூ. ஒரு மந்திரவாதி தொப்பியிலிருந்து எடுத்துக் காட்டும் தோரணையில், யாரும் எதிரே இல்லாத வெளியை நோக்கி அதை நீட்டுகிறார். யாருக்குக் கொடுக்கிறார் என்பதற்குப் படத்தில் விடை இல்லை. பின்னோக்கி மடிந்த அதன் இதழ்கள் பின்னணியின் வளைவுகளோடு சேர்ந்து போகின்றன என்பதைத் தவிர, அந்தப் பூவுக்கு ஆழமான குறியீடு தேடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அந்தக் காலத்தில் வரவேற்பு எப்படி இருந்தது?

நன்றாக இல்லை. 1891 மார்ச்சில் பாரிஸின் சுயேச்சை ஓவியர் சங்கக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது; தேர்வுக் குழுவும் பரிசும் கிடையாது என்ற கொள்கையோடு 1884இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது, தொடங்கியவர்களில் சின்யாக்கும் ஒருவர். விமர்சகர்கள் குழம்பினார்கள். சில ஆண்டுகள் தாமும் புள்ளி முறையைக் கையாண்டு அதிலிருந்து விலகிக்கொண்டிருந்த மூத்த ஓவியர் கமில் பிசாரோ, தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் இது விசித்திரமான படம், அலங்காரம் என்ற அளவில்கூட எடுபடவில்லை என்று குறை சொன்னார். கையில் இருந்த பூவை லில்லி என்று அவர் எழுதியது வேறு விஷயம். அந்தக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, மார்ச் 29 அன்று, 31 வயதில் செரா இறந்துபோனார். நண்பர்களின் கவனம் முழுவதும் அந்த இழப்பின் பக்கம் திரும்பியது.

ஃபெனியோனுக்கும் இந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார்.

சின்யாக் இதைப் போல வேறு உருவப்படங்கள் தீட்டினாரா?

மிகக் குறைவு. கடலும் துறைமுகமும் படகும்தான் அவருக்குப் பிடித்தவை. தாமே படகோட்டியும் கூட. 1893இல் மனைவி பெர்த்தைக் குடையோடு தீட்டிய படம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதிலும் முகம் பக்கவாட்டில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு வேறொரு யோசனை. 1891இல் துலூஸ்-லோத்ரெக் தம் உறவினர் லூயி பாஸ்கலை உயரத் தொப்பியோடு தீட்டினார். அந்தப் படம் தெற்கு பிரான்சின் ஆல்பி நகரில் லோத்ரெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே மனிதர் உண்மையான அறையில் நிற்கிறார், உடையின் பகட்டு அவருடைய குணத்தின் பகுதியாகத் தெரிகிறது. ஒரே காலம், ஒரே உடை மரபு. ஆனால் லோத்ரெக் மனிதரைக் கவனித்தார், சின்யாக் மனிதரை ஏற்பாடு செய்தார்.

ஃபெனியோன் வெடிகுண்டு வைத்தவர் என்கிறார்களே, உண்மையா?

1894 ஏப்ரல் 4 அன்று பாரிஸில் ஃபோயோ உணவகத்தில் குண்டு வெடித்தது. கவிஞர் லோரான் தையாத் ஒரு கண்ணை இழந்தார். அவரும் அனார்க்கிஸ்ட் அனுதாபி என்பது கசப்பான விந்தை. அந்த மாதமே ஃபெனியோன் கைது செய்யப்பட்டார். போர் அமைச்சகத்தில் அவருடைய அறையில் வெடிதூண்டிகளும் பாதரசமும் கண்டெடுக்கப்பட்டன. ஆகஸ்டில் நடந்த ‘முப்பது பேர் வழக்கில்’ அவரும் நிறுத்தப்பட்டார். ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஓர் அனார்க்கிஸ்டுடன் பேசியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று நீதிபதி சொன்னபோது, கம்பத்துக்குப் பின்பக்கம் எது என்று சொல்ல முடியுமா என்று ஃபெனியோன் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். கவிஞர் மலார்மே அவருக்காகச் சாட்சி சொன்னார். ஃபெனியோன் விடுதலையானார், அமைச்சக வேலை போயிற்று. ஃபோயோ குண்டை வைத்தது அவரே என்று பிற்காலத்தில் அவர் வாழ்க்கையை எழுதியவர் வாதிட்டார். எந்த நீதிமன்றத்திலும் அது நிரூபிக்கப்படவில்லை.

படத்தைத் தீட்டிய 1890இல் இவை எதுவும் நடக்கவில்லை. ஆகவே அந்தத் தொப்பிக்குள் வெடிகுண்டைத் தேடும் விளக்கங்களை நான் ஒதுக்கிவைப்பேன். சின்யாக்கும் அனார்க்கிசக் கொள்கையின் பக்கம் சாய்ந்தவர்தான் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்: அவருடைய ‘இசைவின் காலத்தில்’ என்ற பெரிய ஓவியத்துக்கு முதலில் எண்ணிய தலைப்பில் இசைவுக்குப் பதிலாக அனார்க்கி இருந்தது.

இப்போது படம் எங்கே இருக்கிறது?

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். டேவிட் ராக்கஃபெல்லரும் அவர் மனைவியும் அளித்த கொடை. 2020இல் ஃபெனியோனைப் பற்றி அங்கே நடந்த தனிக் கண்காட்சியில் இது மையமாக இருந்தது. திரையில் பார்ப்பவர்கள் ஒருமுறை படத்தைப் பெரிதாக்கி முகத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். தோல் நிறம் என்று நாம் நினைத்தது பல நிறங்களின் தொடுகைகளாகப் பிரிந்துவிடும்; ஆனால் மூக்கின் விளிம்பு மட்டும் கத்தியால் வெட்டியதைப் போல நிற்கும்.

ஃபெனியோனை வேறு யாரெல்லாம் தீட்டினார்கள்?

விடுதலைக்குப் பிறகு ‘லா ரெவ்யூ பிளான்ஷ்’ இதழில் பணியாற்றிய ஆண்டுகளில் அவரைச் சுற்றி ஓவியர்கள் இருந்தார்கள். வல்லத்தோன் 1896இல் அவரை இதழின் அலுவலகத்தில், இரவு விளக்கொளியில் மேசை மீது குனிந்திருப்பவராகத் தீட்டினார். வுயார் 1901இல் அதே அலுவலகத்தில் தீட்டிய படம் இன்று குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டிலும் அவர் உழைக்கும் ஆசிரியர். பூவும் தொப்பியும் இல்லை. பின்னர் 1906 முதல் பெர்ன்ஹைம்-ழன் காட்சிக்கூடத்தில் சேர்ந்து, ஓவியர் மத்தீஸை அந்த நிறுவனத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு பெரியது.

லோத்ரெக் அவரை வேறு இடத்தில் வைத்தார். 1895இல் நடனக்காரி லா குலூவின் சந்தைக் கொட்டகைக்காக அவர் தீட்டிய பெரிய திரைகளில் ஒன்றில், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் முன்வரிசையில் ஆஸ்கார் வைல்டும் ஃபெனியோனும் இருக்கிறார்கள். பின்னாளில் ஒரு வணிகர் அந்தத் திரைகளைத் துண்டுகளாக வெட்டி விற்றார். அரசு அவற்றைத் திரும்ப வாங்கி ஒட்டவைத்தது, இப்போது ஓர்சேயில் பார்க்கலாம். அதிலும் ஃபெனியோனின் முகம் பக்கவாட்டில்தான் இருக்கிறது; அவர் கேட்ட நேர்முகத்தை லோத்ரெக்கும் கொடுக்கவில்லை.